மழைக்காலத்துக்கு வேறு மை

போன மாதம் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் ஒரு கண்ணாடித் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். "மேடம், மஞ்சளாயிடுச்சு" என்றார். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவரை நோகடித்திருந்தால் மன்னிக்கட்டும். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மஞ்சள் தகடுகளை அடுக்கினால் உங்கள் ஆய்வகத்துக்கு இன்னொரு சுவர் எழுப்பலாம். அதில் ஒரு மழைக்காலத்துத் தகடுகளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். நான் அதிகமாகத் தப்பு செய்ததும், அதிகமாகச் சிரித்ததும் அந்த மழைக்காலத்தில்தான்.

இதை வீட்டில் உங்கள் அம்மா அப்பாவும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் என்பது கண்ணாடி மேல் பூசிய கறுப்பு நிறப் படிகப் படலம். வெயிலை வாங்கி மின்சாரமாகத் தரும். ஈரம் பட்டால் அந்தப் படிகம் உடைந்து, அதற்குள் இருக்கும் ஈயச் சேர்மம் மஞ்சளாகப் பிரிந்துவிடும். கறுப்பாக இருந்தால் வேலை செய்கிறது, மஞ்சளானால் முடிந்தது. இந்தப் படிகத்தை வைத்துக்கொண்டு, சுற்றிலும் நெல்வயலும் வாய்க்காலுமாக இருக்கிற தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

என் தவறு சித்திரை மாதத்தில் நடந்தது. குளோவ் பாக்ஸ் என்று நாம் சொல்கிற, காற்றும் ஈரமும் புகாத பெட்டிக்குள் நாங்கள் செய்த ஒரு சின்னக் கலம் பதினெட்டைத் தொட்டிருந்தது. நூறு பங்கு வெயிலில் பதினெட்டுப் பங்கு மின்சாரம். நகத்தளவு கலம்தான், மேலே தங்கப் பூச்சு. அந்த மகிழ்ச்சியில், நிதி தரும் குழுவுக்கு நான் ஒரு வாக்குறுதியில் கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கை அளவு தகடு செய்து, மொட்டை மாடியில் பத்து நாள் திறந்த வெளியில் வைத்து, பதினோராம் நாள் குழுவின் கண் முன்னால் அதே பதினெட்டை அளந்து காட்டுவோம். குழு வருகிற நாள் கார்த்திகை மூன்றாம் வாரம்.

கையெழுத்துப் போட்ட அன்று வெளியே தார் உருகுகிற வெயில். கார்த்திகையில் இந்த ஊர் எப்படியிருக்கும் என்று, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஞாபகம் வரவில்லை. என் அப்பாவும் அம்மாவும் அந்த மழையில் நின்றுதான் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழையும் வந்தது. முதல் தொகுதித் தகடுகளை மாடியில் வைத்தோம். நான்காம் நாள் காலையில் எங்கள் டெக்னீஷியன் செல்வராஜ் இறங்கி வந்து, "மேடம், மேல எல்லாம் சாமந்திப்பூ மாதிரி இருக்கு" என்றார். ஓரங்களைப் பசையால் அடைத்தோம். ஆறாம் நாள் மஞ்சள். இரட்டைக் கண்ணாடி போட்டோம். அதுவும் மஞ்சள்தான். நான் அறைக்கு இன்னொரு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினேன், கதவு இடுக்குகளில் ரப்பர் ஒட்டினேன், உள்ளே யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். செருப்புக்கும் படிகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. பதற்றத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு விதி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இதைக் கவனித்து வையுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

இன்று உங்கள் ஆய்வகத் தலைவியாக இருக்கும் நூர்ஜஹான் அப்போது திட்டப் பணியாளர். கூத்தாநல்லூர்க்காரர். அடுத்த கட்ட நிதி வராவிட்டால் அவருக்கும் செல்வராஜுக்கும் வேலை இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது நூர் சொன்னார்:

"மேடம், நாம ரூமைத்தான் மாத்திக்கிட்டே இருக்கோம். பொருளை மாத்திப் பார்ப்போமே."

"எந்தப் பொருளை?"

"தங்கத்துக்குக் கீழ ஒரு லேயர் போடுறோம்ல, அதுல இருக்க லித்தியம் உப்புதான் ஈரத்தை இழுத்துக் கொண்டாந்து உள்ள விடுது. அதையும் தூக்கிடுவோம், தங்கத்தையும் தூக்கிடுவோம். ரெண்டுக்கும் பதிலா கார்பன். கரியில தண்ணி ஒட்டாது."

எனக்குக் கோபம் வந்தது. கார்பனைக் கையால் தடவி நாங்கள் முன்பு செய்த கலங்கள் எட்டைத் தாண்டியதில்லை. "பதினெட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு எட்டைக் காட்டச் சொல்றியா?" என்று கேட்டேன். நூர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பதினெட்டு இப்ப எங்க மேடம் இருக்கு?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சரி, கார்பனை எப்படிப் பூசுறது?" என்று கேட்டேன். அந்த அரைமணி நேரத்தில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் கௌரவத்துக்கும் என் கோபத்துக்கும் கொஞ்சம் இடைவெளி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கார்பன் கலத்தில் வேலை தலைகீழ். முதலில் கண்ணாடியில் வெள்ளைப் படலங்களையும் அதன் மேல் கார்பனையும் துணி வலை வழியாக அச்சடித்து, உலையில் சுட்டுவிட வேண்டும். படிகக் கரைசலைக் கடைசியில் கார்பன் மேல் சொட்டினால் அது உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கும். எங்களிடம் அச்சு இயந்திரம் இல்லை. ஒரு சட்டத்தில் வலை கட்டி நாங்களே இழுத்துப் பார்த்தோம். கார்பன் படலம் காய்ந்ததும் கோடைகாலத்து ஏரி போல வெடித்தது.

"எங்க சாச்சா கடைக்குப் போவோம் மேடம்" என்றார் நூர். அவருடைய அப்பாவின் தம்பி சாகுல் ஹமீது. சார்ஜாவில் பதினாறு வருடம் விளம்பரப் பலகை அச்சடித்துவிட்டுக் கூத்தாநல்லூர் திரும்பி, கல்யாணத் தாம்பூலப் பை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். கார்பன் பசையை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். ஈயம் கலந்த எதையும் அந்தக் கடைக்குக் கொண்டுபோகவில்லை, அதில் நான் கறாராக இருந்தேன். மன்னார்குடி வழியாகத் திருவாரூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். ரோட்டின் இரு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. ஊரே ஈரத்தால் வாழ்கிறது, நாம் மட்டும் அதோடு சண்டை போடுகிறோம் என்று தோன்றியது.

கடைக்குள் கயிறு கயிறாகப் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மணமகன், ஒரே மணமகள்.

"வாங்க மேடம், உக்காருங்க. வெயிலை அச்சடிக்கணும்னு வந்திருக்கீங்களாமே" என்றார் சாகுல் பாய். பாட்டிலைத் திறந்து கார்பனைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"என்ன தின்னர் ஊத்தியிருக்கீங்க?"

சீக்கிரம் ஆவியாகிற ஒரு ஆல்கஹாலின் பெயரைச் சொன்னேன்.

"ஏன் இது?"

"மழைக்காலமா இருக்கே பாய். ஈரக் காத்து. சீக்கிரம் காயட்டும்னுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் நெனைப்பாங்க. கையில ஸ்பிரிட்டு ஊத்திப் பாருங்க, ஜில்லுனு இருக்கும்ல? சீக்கிரம் காயுற மை அப்படித்தான் குளுந்து போவும். குளுந்ததும் காத்துல இருக்க ஈரமெல்லாம் வந்து மை மேல ஒக்காந்துக்கும். அப்புறம் பூத்துப் போவும், வெடிச்சுப் போவும். மழைக்காலத்துக்கு வேற மை மேடம். மெதுவாத்தான் காயணும்."

உள்ளே போய் ஒரு பழைய பையை எடுத்து வந்தார். அதில் மணமகனின் பெயர் மூன்று துண்டாக வெடித்திருந்தது. "இது நான் ஊருக்கு வந்த மொத வருசம். மாப்பிள்ளை வீட்டுல என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. மறந்துடக் கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்."

ஆவியாகும்போது திரவம் ஏன் குளிர்கிறது என்று இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண் கேள்வியும் எடுத்திருக்கிறேன். என் சொந்தத் தகட்டில் அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. கார்பன்மீது பழி போட்டேன். நூர் தரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நான் அடக்கவில்லை.

குழு வருவதற்கு ஐந்து வாரம்கூட இல்லை. கரைப்பானை மாற்றினால் பசையை முதலிலிருந்து அரைக்க வேண்டும், சுடும் வெப்பம் மாறும், எல்லாமே மாறும். பழைய தகடுகளையே இன்னும் தடிமனான கண்ணாடிக்குள் அடைத்து, பத்து நாள் தாங்குமா என்று பார்ப்பதுதான் பாதுகாப்பான வழியாகத் தெரிந்தது. ஆனால் அந்த வழியில் நாங்கள் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று சொல்ல முடிகிற வழியை எடுப்போம் என்று நினைத்தேன். "பாய், உங்க மேசையை எங்களுக்கு ஒரு நாள் தர முடியுமா?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை வாங்க. அதுக்குள்ள இந்தக் கல்யாணத்தை முடிச்சுடுறேன்" என்றார்.

மெதுவாகக் காய்கிற கரைப்பான் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. பைன் எண்ணெயிலிருந்து எடுப்பது. வெள்ளைப் படலத்துக்கு அதைத்தான் பயன்படுத்துவோம். வியாழக்கிழமை சாகுல் பாய் கடை முழுக்கத் தரை துடைக்கிற லோஷன் வாசனை. அவர் வலையின் மேல் ரப்பர் பட்டையைச் சாய்த்து வைத்து, மூச்சை நிறுத்தி, ஒரே இழுப்பு. கண்ணாடி மேல் வெட்டி ஒட்டினாற்போலக் கறுப்புச் சதுரம். நானும் ஒன்று இழுத்தேன். சதுரம் வரவில்லை, எருமை ஒன்று படுத்திருந்தது. கடையில் பை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

உலையில் சுட்ட பிறகு நுண்ணோக்கியில் பார்த்தோம். ஒரு விரிசல்கூட இல்லை. படிகக் கரைசலை நிரப்பி அளந்ததும் எட்டாக இருந்தது பதினொன்றாகியிருந்தது. அடுத்த தொகுதியின் கரைசலில், படிகத்தை ஒழுங்காக வளர வைக்கிற ஒரு அமினோ அமில உப்பையும் சேர்க்கலாம் என்றார் நூர். சேர்த்து, பதினாறு தகடுகளை நிரப்பி அளந்தோம். அதே பதினொன்றுதான். உலர் அறையில் வைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து வந்தபோது உலர் அறைக் கதவைத் திறந்தால் துவைத்த துணிமூட்டையை முகத்தில் அழுத்தியதுபோல் இருந்தது. கரன்ட் போய் வந்ததில் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டும் நின்றிருந்தன. எத்தனை நாளாகவோ தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நான் தகடுகளின் நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கழிவுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

செல்வராஜ் கையில் வீட்டு அதிரசம் இருந்த டப்பாவோடு நின்றிருந்தார். "அளந்துட்டுப் போட்டுடலாமே மேடம். போடப்போறது போடப்போறதுதான், பத்து நிமிஷ வேலை" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். முதல் தகடு பதின்மூன்று காட்டியது. "கருவி தப்பா காட்டுது" என்றேன். கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் சிலிக்கான் கலத்தை வைத்தோம். கருவி சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது தகடும் பதின்மூன்று. மூன்றாவது அதைவிடக் கொஞ்சம் மேலே. பதினாறில் ஒன்றுதான் மஞ்சள். மற்றவை எல்லாம் ஈரத்தில் கிடந்து, முன்பிருந்ததைவிட நன்றாகத் தேறியிருந்தன. நூர் குதித்ததில் மேசை ஆடி, அதிரச டப்பா கவிழ்ந்தது.

உடனே எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றார் நூர். நாள் குறைவாகத்தான் இருந்தது. நான் தடுத்தேன்.

"கரன்ட் போனதுக்கு நாம பேர் வாங்கக் கூடாது நூர். நாமளே ஒரு தடவை செஞ்சு பார்த்துடுவோம்."

"ரெண்டு நாள் போயிடும் மேடம்."

"போகட்டும்."

கேன்டீனிலிருந்து வேதாரண்யத்துக் கல்லுப்பு வாங்கி வந்தோம். உப்பு கரையாமல் அடியில் தங்குகிற அளவுக்குத் தண்ணீரில் கரைத்து மூடிய பெட்டிக்குள் வைத்தால், அந்தக் காற்றில் ஈரம் ஒரே அளவில் நிற்கும். புதுத் தகடுகளில் பாதி அந்தப் பெட்டிக்குள், பாதி உலர்ந்த பெட்டிக்குள். இரண்டு நாளில் பதில் கிடைத்தது. உப்புப் பெட்டியில் இருந்தவை மட்டும் ஏறியிருந்தன. அந்த அளவான ஈரம், நூர் சேர்த்த உப்பின் துணையோடு, படிகத்தை இளக்கி மறுபடி நன்றாக உட்கார வைத்திருக்கிறது. தங்கமும் லித்தியமும் இருந்த கலத்தைக் கொன்ற அதே ஈரம்தான். எத்தனை மாதம் அதற்கு எதிராகக் கதவடைத்திருந்தோம்!

தகடுகள் மாடிக்குப் போயின. பத்து நாளும் மழை, மூட்டம், நடுவில் கொஞ்சம் வெயில். செல்வராஜ் தினமும் குடையோடு ஏறிப்போய் அளந்து நோட்டில் எழுதினார். எண் அசையவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர் வடநாட்டுக்காரர், நரைத்த தலை, சிரிக்காத முகம். அமர்ந்ததும் என் பழைய வாக்குறுதித் தாளை எடுத்து, "பதினெட்டு என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முந்தைய நாள் இதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு நடந்தது. நல்ல தகட்டை முதலில் காட்டுவோம், கேட்டால் மட்டும் பழையதைச் சொல்வோம் என்றார்கள் துறையில் சிலர். எனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். மாணவர்களின் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார். "செத்ததை முதல்ல காட்டு, மிச்சத்தை நானே நம்பிக்கிறேன்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு நான் கெட்டதில்லை. மூடி ஒட்டிய பெட்டியில் இருந்த மஞ்சள் தகடுகளை மேசையில் வைத்தேன். "பதினெட்டு இதுதான் சார். நான்கு நாள் இருந்தது" என்றேன். பிறகு எல்லாரையும் மாடிக்கு அழைத்துப் போனேன்.

மழை விட்டிருந்தது. கருவியில் பதின்மூன்று. அவர் செல்வராஜின் நோட்டை வாங்கிப் பத்து நாளையும் விரலால் தடவிப் பார்த்தார். "பசையில் கரைப்பானை ஏன் மாற்றினீர்கள்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், அச்சுச் சட்டத்தோடு வந்து ஓரமாக நின்றிருந்த சாகுல் பாய் இந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சார்ஜாவில் கற்ற இந்தி. கால்மணி நேரம் இருவரும் பேசினார்கள். எனக்குப் புரிந்தது "தின்னர்" ஒன்றுதான். நடுவில் பாய் தன் கையில் ஸ்பிரிட் ஊற்றிக் காட்டினார், தலைவர் தன் கையையும் நீட்டினார். வெடித்துப்போன மாப்பிள்ளைப் பெயர் வரை கதை வந்திருக்க வேண்டும், சிரிக்காத அந்த மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஒன்று அச்சடிப்பேன் என்றார். அவருக்கும் எருமைதான் வந்தது. விரலெல்லாம் கரியோடு சாப்பிட உட்கார்ந்தார்.

கிளம்பும்போது, "இந்த மஞ்சள் தகட்டில் ஒன்றை முறையாக மூடித் தர முடியுமா? எங்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்" என்றார். நல்ல தகடு கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அடுத்த கட்ட நிதி வந்தது. நூரும் செல்வராஜும் இருந்தார்கள். பிறகு கார்பனின் கலவையை மாற்றி, உப்பை மாற்றி, எண்ணும் படிப்படியாக ஏறியது. அதையெல்லாம் நீங்கள் கட்டுரைகளில் படித்துக்கொள்வீர்கள்.

முதல் கட்டுரையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுதியவர்கள் பட்டியலில் சாகுல் பாயின் பெயரையும் போட வேண்டும் என்றார் நூர். நான் நன்றி தெரிவிக்கும் இடத்தில் போடலாம் என்றேன். "தின்னரைத் தேர்ந்தெடுத்தது யாரு மேடம்?" என்று கேட்டார். பாயின் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன். இதழின் படிவத்தில் பதவி, நிறுவனம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. என்ன எழுதுவது என்று பாயிடமே போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "உள்ளதை எழுதுங்க" என்றார். பை அச்சடிப்பவர், கூத்தாநல்லூர் என்று எழுதி அனுப்பினேன். ஒரு எழுத்து மாறாமல் வெளியானது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். பை அச்சடிக்கச் சொல்ல வந்த ஒரு அம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன பாய் இது, இங்கிலீஷ்ல?" என்று கேட்டார்.

"அதுவா? மழைக்காலத்துல மை எப்படிக் காயணும்னு எழுதியிருக்கோம்" என்றார் சாகுல் பாய். "சரி, பொண்ணு பேரைச் சொல்லுங்க."